லாரியில் படுக்கை எங்கே, பேட்டரி எங்கே?

கரண்டில் ஓடும் லாரி என்றதும் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் போகும்? விலை எவ்வளவு? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை டிரைவர் மட்டும்தான் கேட்பார்.

"அம்புட்டு பெரிய பேட்டரியை அங்கிட்டு வச்சா, நான் எங்கிட்டுப் படுக்குறது?"

சாதாரணக் கேள்வி மாதிரி தெரிகிறது அல்லவா? நூறு வருடத்துக்கும் மேலான சரித்திரம் இதற்குப் பின்னால் இருக்கிறது. பி.காம் படிக்கிற எனக்கு பேட்டரியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்காதீர்கள். லாரி என்பது கடைசியில் ஒரு கணக்குதான். எத்தனை டன் சரக்கு, எத்தனை டன் வண்டி, எத்தனை மணி நேர உழைப்பு. அந்தக் கணக்கில் பேட்டரியும் மனுசனும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள். அதுதான் விஷயம்.

எங்கள் பக்கத்து லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ராமேஸ்வரம், மண்டபத்திலிருந்து மீன், வாலிநோக்கத்திலிருந்து உப்பு, உள்ளே கமுதி, முதுகுளத்தூர் பக்கமிருந்து முண்டு மிளகாயும் கருவேல மரக்கரியும். ஓட்டுகிறவர்களுக்கு மாதத்தில் பாதி நாள் வீடே அந்த கேபின்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை, அதன்மேல் மெத்தை மாதிரி ஒன்று, தலைமாட்டில் சாமி படம், கொடியில் துண்டு. கிளீனர் இருந்த காலத்தில் அவர் கேபின் மேலே ஏறிப் படுத்துக்கொள்வார். வண்டியிலேயே தூங்குவதற்குக் காரணம் லாட்ஜ் வாடகை மட்டும் இல்லை. டீசலும், ஸ்டெப்னியும், பக்கவாட்டுப் பெட்டியில் இருக்கும் பேட்டரியும் காலையில் இருக்க வேண்டுமே!

இந்த லாரிகள் தீவுக்குள் போக ஆரம்பித்தே அதிக காலம் ஆகவில்லை என்பது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்காது. ரயில் பாலம் 1914லேயே வந்துவிட்டது. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2ம் தேதிதான் திறந்தார்கள். அதுவரை பாம்பனைத் தாண்டி ஒரு லாரி தன் சக்கரத்தில் உருண்டு போக வழியே கிடையாது. அதற்கப்புறம்தான் ராமேஸ்வரம் மீன் நேராக லாரி ஏறியது, டிரைவர்களும் ராத்திரித் தூக்கத்தை விட்டார்கள்.

சரி, பேட்டரிக்கு வருவோம்.

மின்சார லாரி ஏதோ நேற்று வந்தது என்று நினைக்க வேண்டாம். 1900களின் ஆரம்பத்தில் அமெரிக்க நகரங்களில் பால், ஐஸ், பார்சல் கொண்டுபோகும் லாரிகளில் கணிசமானவை பேட்டரியில்தான் ஓடின. ஈயமும் அமிலமும் சேர்ந்த பேட்டரி. எடிசன் செய்த நிக்கல், இரும்பு பேட்டரியும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வண்டிக்கு அடியில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே தொங்கவிட்டார்கள். கனம் கீழே இருந்தால் வண்டி சாயாது. நம்ம மாட்டுவண்டிக்காரர் பாரத்தை முன்னும் பின்னும் சமமாக ஏற்றுவாரே, அதே அறிவு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஹார்ட்ஃபோர்டு கதை. கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஊர். அங்கே இருந்த ஹார்ட்ஃபோர்டு எலெக்ட்ரிக் லைட் கம்பெனி 1910களில் ஒரு வேலை செய்தது. லாரியை பேட்டரி இல்லாமல் வாங்கிக்கொள்ளலாம். பேட்டரி மின்சாரக் கம்பெனியுடையது. தீர்ந்துபோனால் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சார்ஜ் ஏறிய வேறொன்றை மாட்டிக்கொண்டு போகலாம். மாதம் ஒரு கட்டணம், ஓடிய மைலுக்கு ஒரு கட்டணம். இப்போது 'பேட்டரி ஸ்வாப்பிங்' என்று புதுசாகக் கண்டுபிடித்தது போலப் பேசுகிறார்களே, அதே வியாபாரம்தான்! 1924 வரை நடந்த அந்தச் சேவையில் வண்டிகள் மொத்தம் 60 லட்சம் மைலுக்கு மேல் ஓடியிருக்கின்றன. அடியில் தொங்கும் பெட்டி என்பதால்தான் கழற்றி மாட்டுவது சுலபமாக இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த லாரிகளில் யாரும் தூங்கவில்லை. காலையில் கிளம்பி சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பும் டவுன் வண்டிகள். எனவே படுக்கை என்ற கேள்வியே அப்போது எழவில்லை. வண்டி ஊரைவிட்டு ஊர் போக ஆரம்பித்தபோது பெட்ரோல் ஜெயித்துவிட்டது.

நம் ஊர்ப் பக்கம் 'எரிபொருளை வண்டியில் எங்கே வைப்பது' என்ற தலைவலி முதலில் வந்தது இரண்டாம் உலகப்போரில். பெட்ரோலுக்குக் கடுமையான தட்டுப்பாடு, ரேஷன். அப்போது மதுரையின் டி.வி. சுந்தரம் ஐயங்கார் கம்பெனி 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று கரிவாயு உற்பத்திக் கருவியைத் தயாரித்து விற்றது. மரக்கரியை ஒரு உலையில் போட்டு அரைகுறையாக எரித்தால் வரும் வாயுவில் எஞ்சின் ஓடும். அந்த உலையை எங்கே வைப்பது? முன்னால் எஞ்சின், நடுவில் ஜனங்கள். எனவே பின்னால் மாட்டினார்கள். கரிகேஸ் பஸ் என்று தாத்தாக்கள் சொல்லும் வண்டி அதுதான். கிளம்புவதற்கு முன்னால் உலையைப் பற்றவைத்துச் சக்கரம் சுற்றிக் காற்று ஊத வேண்டும், மேட்டில் ஏறும்போது சக்தி போதாது, கூடவே கரிமூட்டையையும் சுமக்க வேண்டும். போர் முடிந்து பெட்ரோல் கிடைத்ததும் எல்லோரும் அதை மறந்தார்கள். ஆனால் கனமும் சூடும் உள்ள ஒன்றை மனிதர்கள் உட்காரும் வண்டியில் சேர்ப்பது எவ்வளவு பாடு என்பதை நம் ஆட்கள் அப்போதே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். (இன்றைக்கும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற மாவட்டம் எங்களுடையது. கேஸ் பிளான்ட் திரும்பி வந்தால் நாங்கள்தான் அரபு நாடு :-) )

அதற்கப்புறம் டீசல் யுகம். 1948ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பமாகி, 1955ல் லேலண்டு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954ல் ஜாம்ஷெட்பூரில் டாடாவும் பென்ஸும் சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தார்கள். பல வருடங்களுக்குக் கம்பெனிக்காரன் கொடுத்ததெல்லாம் எஞ்சின், சேஸிஸ், முன்பக்கத் தகடு மட்டும்தான். கேபினையும் பாடியையும் கட்டியது நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கத்து ஆசாரிகளும் வெல்டர்களும். டிரைவர் படுக்கையை வடிவமைத்ததும் அவர்கள்தான். எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் படிக்காதவர்கள். வண்டிக்காரர் என்ன சொன்னாரோ, பலகை அந்த அளவுக்கு வந்தது. எஞ்சின் கேபினுக்குள்ளேயே நடுவில் உட்கார்ந்திருக்கும். ராத்திரி நிறுத்திய பிறகும் ரொம்ப நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும் அதன் பக்கத்தில்தான் தூக்கம்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே போட்டார்கள். 1953க்கு முன் செய்த லாரிப் படுக்கை குறைந்தது 72 அங்குல நீளம், 18 அங்குல அகலம். அதற்கப்புறம் செய்தவை 75க்கு 21. 1975 அக்டோபர் முதல் 75க்கு 24. அதாவது ஆறேகால் அடி நீளம், இரண்டடி அகலம். அகலத்தில் ஆறு அங்குலம் கூட இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நம் நாட்டில் 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றது. ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கு என்று எழுதிய சட்டம் அது. ஒரு லாரி வைத்திருந்த முதலாளி அதற்குள் வரவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் அதே மணிக்கணக்கை சரக்கு வண்டி டிரைவர்களுக்குப் பொதுவாக்கியது. சாலையில் அது எப்படி நடக்கிறது என்பதை விடியற்காலை நான்கு மணிக்கு ஏதாவது டீக்கடையில் நின்று பார்த்தால் தெரியும்.

இடையில் இன்னொரு சட்டம். நீளச் சட்டம். இதைப் புரிந்துகொள்ளாமல் பேட்டரி கதை புரியாது.

ஐரோப்பாவில் டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 16.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அப்படியானால் கேபின் எவ்வளவு நீளமோ அவ்வளவும் சரக்கில் கழியும். அதனால் மூக்கே இல்லாத, எஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்த கேபின். அமெரிக்காவிலும் முன்பு அப்படித்தான். 1982ல் வந்த சட்டம் மொத்த நீளத்தை விட்டுவிட்டு டிரெய்லரை மட்டும் அளக்கச் சொன்னது. உடனே நீள மூக்கும், பின்னால் ஒரு சின்ன அறை மாதிரி படுக்கையும் வைத்த லாரிகள் பெருகிவிட்டன. நம் ஊர் லாரி இந்த விஷயத்தில் ஐரோப்பாவின் தம்பி. மூக்கு இல்லை, இடமும் இல்லை.

இப்போது இந்த ஒடுக்கமான இடத்தில் பேட்டரியைக் கொண்டுவாருங்கள். முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் காட்டிய ரைனோ 5538 என்ற 55 டன் டிராக்டரில் 282 யூனிட் பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 198 கிலோமீட்டர் என்று சொன்னார்கள். இந்த வகை பேட்டரி கிலோவுக்குச் சுமார் 150 வாட்-அவர் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 282 யூனிட்டுக்கு ஏறக்குறைய 1,900 கிலோ. அதைத் தாங்கும் சட்டம், குளிரூட்டும் குழாய் எல்லாம் தனி. டீசல் லாரியில் 400 லிட்டர் டேங்க் நிரப்பினால் 330 கிலோதான். ஒரு டன் பேட்டரி கூடினால் ஒரு டன் வாடகை போச்சு. இதைச் சரிக்கட்டத்தான் ஐரோப்பாவில் புகையில்லா லாரிகளுக்கு 2 டன் கூடுதல் எடை அனுமதித்தார்கள்.

எங்கே வைப்பது என்பதில் உலகம் மூன்று வழியாகப் பிரிந்தது.

சீனாக்காரர்கள் கேபினுக்குப் பின்னால் பீரோ மாதிரி நிறுத்தினார்கள். மேலிருந்து கிரேன் வந்து தூக்கிவிட்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போகும், ஐந்தாறு நிமிட வேலை. அங்கே இந்தப் பீரோவுக்கும் ரொம்ப சகஜமான அளவு 282 யூனிட்தான். வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அருமையான ஏற்பாடு. ஹார்ட்ஃபோர்டு மாதிரியே பேட்டரியை வாடகைக்கு எடுக்கலாம், வண்டி விலை குறையும். நம் நாட்டிலும் 2025 செப்டம்பரில் மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் பேட்டரி மாற்றும் 50 கனரக லாரிகளைக் கொடியசைத்து அனுப்பினார்கள். ஆனால் கனம் உயரத்தில் நிற்கிறது, அதனால் வளைவில் வண்டி அசையும். அதைவிட முக்கியம், அந்த இடம் டிரைவர் தலைமாட்டுக்கு நேர் பின்னால். கேபினைப் பின்பக்கம் நீட்டிப் படுக்கை போடலாம் என்றால் அங்கே சுவர் மாதிரி பேட்டரி. துறைமுகத்துக்குள் சுற்றும் வண்டிக்கு இது பிரச்சினையே இல்லை. டிரைவர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விடுவார். ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்குப் போகும் வண்டிக்குத்தான் பிரச்சினை.

அமெரிக்காவில் டெஸ்லா செமி வந்தது. 2022 டிசம்பர் 1ல் பெப்சி கம்பெனிக்கு முதல் வண்டிகள் கொடுத்தார்கள். பேட்டரி கீழே, டிரைவர் சீட் நடுவில், படுக்கை கிடையாது. கேள்வியையே எடுத்துவிட்டார்கள்! இதை நான் பதிலாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஐரோப்பா வழி மூன்றாவது. பென்ஸ் கம்பெனியின் இ-ஆக்ட்ரோஸ் 600, 2023ல் அறிமுகமாகி 2024 நவம்பரில் தொடர் உற்பத்திக்கு வந்தது. 207 யூனிட் பேட்டரி மூன்று, மொத்தம் 621. மூன்றும் இரண்டு அச்சுக்கும் நடுவே, கீழே. மோட்டாரையே பின் அச்சோடு சேர்த்துவிட்டதால் நடுவில் இடம் கிடைத்தது. மேலே முழுக் கேபின், படுக்கையோடு. ஒரு சார்ஜுக்கு 500 கிலோமீட்டர் என்கிறார்கள். நூறு வருடம் சுற்றிவிட்டு பேட்டரி மறுபடி ஹார்ட்ஃபோர்டு லாரியில் தொங்கிய அதே இடத்துக்கு வந்துவிட்டது, பார்த்தீர்களா?

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் எங்கள் கடற்கரையில் கீழே வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. உப்புக்காற்று. பாம்பன் பாலத்தில் நின்றால் அரை மணியில் கை பிசுபிசுக்கும். இரும்பு எதுவும் இங்கே நீண்ட ஆயுசோடு இருப்பதில்லை. மீன் லாரியில் ஐஸ் கரைந்து வழிவதும் உப்புத் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அங்கங்கே தண்ணீர் கட்டும். பேட்டரிப் பெட்டிகளுக்கு ஐ.பி.67 என்று ஒரு தரம் உண்டு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே ஈரம் புகக்கூடாது. புது வண்டியில் சரி. உப்பில் ஐந்து வருடம் ஓடிய வண்டியின் சீலும் போல்ட்டும் அதே மாதிரி நிற்குமா என்பதை வொர்க்‌ஷாப்பில் அடிக்கடி அவிழ்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அடுத்தது நெருப்பு. 2023 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் நிகோலா கம்பெனி வளாகத்தில் நின்ற மின்சார லாரி தீப்பிடித்தது. பேட்டரிக்குள் குளிரூட்டும் திரவம் கசிந்ததாகச் சொல்லி, ஆகஸ்டில் 209 லாரிகளைத் திரும்ப அழைத்தார்கள். (கம்பெனி 2025 பிப்ரவரியில் திவால் மனு போட்டது.) 2024 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு டெஸ்லா செமி சாலையை விட்டு விலகி மோதி எரிந்தது. அதை அணைத்துக் குளிரவைக்க சுமார் 50,000 கேலன் தண்ணீர். நம் கணக்கில் 1.9 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரி பதினாறு. 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அதிகாரிகளை மிரட்டப் பெயர் போன மாவட்டத்தில் பதினாறு டேங்கரை யார் கொண்டுவருவது?

டீசல் லாரியும் எரியும், மறுக்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால், நிறுத்தி வைத்திருக்கும்போது, சார்ஜ் ஏறும்போது, அதாவது டிரைவர் தூங்கும் நேரத்தில் பேட்டரிக்குக் கோளாறு வரலாம். சீனாவின் 2020 தரவிதி, ஒரு செல் கெட்டுச் சூடேறினால் ஆபத்து உள்ளே வருவதற்கு 5 நிமிடம் முன்னதாக எச்சரிக்கை வர வேண்டும் என்றது. விழித்திருப்பவனுக்கு 5 நிமிடம் தாராளம். இரண்டு நாள் ஓட்டிக் களைத்து, கதவைச் சாத்தி ஏ.சி. போட்டுப் படுத்திருப்பவனுக்கு? அதே விதியின் 2025 திருத்தம் தீயே பிடிக்கக்கூடாது, வெடிக்கவும் கூடாது என்று மாற்றி, 2026 ஜூலை முதல் அமல் என்று வைத்தது. பேட்டரி பின்சுவரில் இருந்தால் என்ன, தரைக்கு அடியில் இருந்தால் என்ன என்ற கேள்விக்கு இங்கேதான் பதில். இரண்டு அச்சுக்கும் நடுவில் இருந்தால் படுக்கைக்கும் அதற்கும் இடையே கொஞ்சமாவது தூரம் இருக்கும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் டீசல் லாரியில் ராத்திரி முழுக்க ஏ.சி. ஓட வேண்டுமென்றால் பொதுவாக எஞ்சினும் ஓட வேண்டும். எந்த முதலாளி சம்மதிப்பார்? மின்சார லாரியில் கணக்கு வேறு. கேபின் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் இழுத்தாலும் எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 8 யூனிட். 282ல் மூன்று சதவீதம்கூட இல்லை. கொசுவும் கொதிக்கும் எஞ்சினும் இல்லாத தூக்கம் லாரி டிரைவருக்குக் கிடைக்கும் என்றால், அதைக் கொடுக்கப்போவது அந்தப் பேட்டரிதான்.

கடைசியாக ஒரு கணக்கு. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். 198 என்ற எண்ணை அப்படியே நம்பினால் ஒரே சார்ஜில் மதுரை, சென்னை என்றால் ஏறக்குறைய 560. ஒவ்வொரு 150 கிலோமீட்டருக்கும் நிறுத்துவதாக வைத்தால் வழியில் மூன்று இடம். பேட்டரியில் 80 சதவீதம் ஏற்ற, 180 கிலோவாட் சார்ஜரில் ஒன்றேகால் மணி ஆகும், 60 கிலோவாட் சார்ஜரில் மூன்றேமுக்கால் மணி. படுக்கை இல்லாத வண்டிக்கு விலை அதிகமான பெரிய சார்ஜர்தான் வேண்டும், ஏனென்றால் டிரைவர் நின்றுகொண்டு காத்திருக்கிறார். படுக்கை உள்ள வண்டிக்கு மூன்று நிறுத்தத்தில் ஒன்றிலாவது சின்ன சார்ஜர் போதும், அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கம் வெயிலுக்குப் பயந்து ராத்திரி ஓட்டி, பகலில் கருவேல மர நிழலில் வண்டியைப் போட்டுத் தூங்குவது பழைய வழக்கம். கமுதியில் 2016லிருந்து 648 மெகாவாட் சோலார் ஆலை ஓடுவதும் பகலில்தான். 2023ல் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் விதிப்படி, வெயில் நேர மின்சாரத்துக்குக் கட்டணம் சாதாரணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் கம்மியாக இருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு ராமநாதபுரம் பைபாஸில் நிறுத்தி, பிளக்கைச் சொருகி, ஜன்னலை ஏற்றிவிட்டு, ஆறேகால் அடி நீளத்தில் காலை நீட்டினால், இரண்டு மணிக்கு வண்டியும் ரெடி, ஆளும் ரெடி.